முரளி போட்ட மஞ்சள் ஜெர்ஸி: நீலகிரி லயங்களில் ஒரு பழைய ஞாபகம்

ஏப்ரல் பிறந்தால் ஊட்டியில் இரண்டு சீசன் சேர்ந்து வரும். ஒன்று கோடை சீசன், இன்னொன்று ஐ.பி.எல். சீசன். தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சிக்குத் தொட்டிகள் தயாராகிற அதே வாரங்களில், கடைத்தெருவில் வர்க்கிக்கும் ஹோம்மேட் சாக்லேட்டுக்கும் பக்கத்தில் மஞ்சள் ஜெர்ஸிகள் தொங்க ஆரம்பிக்கும். முதுகில் பெரும்பாலும் ஒரே எண், 7. ஒரே பெயர், தோனி. சாயங்காலம் குளிர் இறங்கினால் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது. அதனால் ஸ்வெட்டருக்கு மேலேயே ஜெர்ஸியை மாட்டிக்கொண்டு மேட்ச் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். சென்னைக்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். 2,200 மீட்டர் உயரத்தில் வேறு வழியில்லை!

இந்த மஞ்சள் இன்று தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் நீலகிரியின் சில பகுதிகளில் இதே மஞ்சளுக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள ஊட்டி ஏரியையும் தொட்டபெட்டாவையும் தாண்டிப் போக வேண்டும். பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று போகிற பஸ்ஸில் ஏற வேண்டும். இல்லையென்றால் குன்னூரிலிருந்து கோத்தகிரி பக்கம் திரும்ப வேண்டும். சாலையோரம் 'டேன்டீ' என்ற பெயர்ப்பலகைகள் வரும். அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே வரிசை வீடுகள் தெரியும். அவைதான் லயங்கள்.

அங்கே கிரிக்கெட் பேச்சு எடுத்தால், தோனிக்கு முந்தைய ஒரு பெயரும் வரும். முத்தையா முரளிதரன். கண்டியில் பிறந்து, இலங்கைக்காக 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். 2008 முதல் 2010 வரை மூன்று சீசன் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆடியவர்.

ஒரு வெளிநாட்டு வீரருக்கும் நீலகிரித் தேயிலைத் தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒரு கப்பல் பயணமே நடுவில் இருக்கிறது.

இரண்டு மலை, ஒரே கொழுந்து

வெள்ளைக்காரர்கள் இலங்கை மலைகளில் முதலில் காபி, பிறகு தேயிலை போட்டபோது, வேலைக்கு ஆள் போனது தமிழ்நாட்டிலிருந்து. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பல சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். முரளிதரனின் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். 1920-ல் கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்.

இலங்கை 1948-ல் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், இந்தத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. தலைமுறையாக அங்கே வேலை செய்தவர்கள், அங்கேயே பிறந்த பிள்ளைகள், யாருக்கும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை.

1964 அக்டோபர் 30-ம் தேதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று வைத்துவிட்டார்கள். அந்தப் 'பிறகு' 1974-ல் வந்தது. இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனுப் போட்டவர்கள் மனுப் போட்ட பக்கம் போனார்கள். அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ.

தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம். கையில் ஒரு குடும்ப அட்டை. பிறகு ஒதுக்கிய ஊர். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் 1970-களின் நடுவில் டேன்டீ என்ற தனி நிறுவனமானது. தலைமை அலுவலகம் குன்னூர். நடுவட்டம், பாண்டியாறு, நெல்லியாளம், சேரம்பாடி, கோத்தகிரி என்று பல இடங்களில் தோட்டங்கள் வந்தன. காடு வெட்டி நட்ட செடிகள் அவை. நட்ட கைகளில் பல, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்துப் பழகிய கைகள்.

நீலகிரி அவர்களுக்கு முன்பே பலருடைய வீடு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், படுகர் என்று இந்த மலைக்குப் பழைய சொந்தக்காரர்கள் உண்டு. அவர்களுக்குப் பக்கத்தில் இவர்கள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். அங்கே இருந்தவரை அரசாங்கக் கணக்கில் 'இந்தியத் தமிழர்'. இங்கே வந்து இறங்கியதும் 'சிலோன்காரங்க'. இந்த ஒரு வரியில்தான் முரளி கதையின் பாதி இருக்கிறது.

பேச்சில் மிச்சமிருக்கும் கண்டிச் சீமை

டேன்டீ லயங்களில் வயதானவர்கள் பேசுவதைக் கவனித்தால் சில வார்த்தைகள் தனியாகக் கேட்கும். காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கிற இடம் 'பெரட்டு'. மேற்பார்வைக்காரர் 'கங்காணி'. தோட்டத்து மேனேஜர், வெள்ளைக்காரன் போய் இத்தனை வருடம் ஆகியும், 'தொரை'. கடையில் வாங்குகிற ரொட்டி 'பாண்'. வீட்டில் தட்டுகிற கோதுமை ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல். இலங்கையைப் பற்றிப் பேசும்போது சிலர் இன்னும் 'கண்டி' என்றே முழு நாட்டையும் சொல்வார்கள்.

அந்தக் கண்டியில்தான் 1972 ஏப்ரல் 17-ம் தேதி முரளிதரன் பிறந்தார். அவருடைய தாத்தா பிற்காலத்தில் இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டார். மகன்கள் அங்கேயே தங்கினார்கள். முரளியின் அப்பா சின்னசாமி முத்தையா கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது, அவரும் வெட்டுப்பட்டார். அந்தக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பிய குடும்பங்கள் நிறைய. முத்தையா குடும்பம் கிளம்பவில்லை. பையன் புனித அந்தோணியார் கல்லூரியில் படித்தான், பந்து போட்டான்.

லயத்துக்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டால் தங்கள் கதையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. போன ஆண்டு கிட்டத்தட்ட ஒன்று. போன காரணம் ஒன்று. திரும்பியதும் தங்கியதும்தான் வேறு.

ஒரு வீட்டை மனதில் வையுங்கள்

இப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பெயர் வேண்டாம். சேரம்பாடியிலோ கோத்தகிரியிலோ எந்த லயத்திலும் இருக்கக்கூடிய குடும்பம்தான். தாத்தா ஹட்டன் பக்கம் பிறந்து, எழுபதுகளில் கப்பல் ஏறியவர். மகன் வந்தபோது கைக்குழந்தை. பேரன் நீலகிரியிலேயே பிறந்தவன்.

1992 ஆகஸ்டில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முரளி முதல் டெஸ்ட் ஆடுகிறார். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயர் தெரிய வந்தது ஒரு கெட்ட செய்தியில். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். நடுவர் டாரல் ஹேர், முரளி பந்தை எறிகிறார் என்று சொல்லி ஏழு முறை 'நோ பால்' கொடுத்தார். முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நீளாது. பரிசோதனைகள் நடந்தன, அவர் தொடர்ந்து பந்துபோட அனுமதி கிடைத்தது. ஆனாலும் 1999-ல் அடிலெய்டில் மறுபடியும் இதே குற்றச்சாட்டு. கேப்டன் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய் நின்று வாதாடினார். ஒரு சிங்களக் கேப்டன் ஒரு மலையகத் தமிழனுக்காக ஆட்டத்தையே நிறுத்தி நின்ற காட்சி அது. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதைச் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நடுவில் 1996 உலகக் கோப்பை. மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன். அரையிறுதியில் இந்தியாவும் இலங்கையும். 252 ரன் இலக்கு. இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று இருந்தபோது ரசிகர்கள் பாட்டில் வீச, ஆட்டம் நின்றது. வெற்றி இலங்கைக்குக் கொடுக்கப்பட்டது. வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே போனதை நாடே பார்த்தது.

நம் கற்பனை வீட்டில் அன்று ராத்திரி எப்படி இருந்திருக்கும்? லயத்தில் ஒரு வீட்டில்தான் டி.வி., அதுவும் கறுப்பு வெள்ளை. முற்றமெல்லாம் ஆள். மகன் இந்தியா பக்கம். பள்ளிக்கூடத்தில் 'சிலோன்காரன்' என்று கூப்பிட்டு வளர்ந்தவனுக்கு, சச்சின் அவுட் ஆனால் எல்லோரையும் விடச் சத்தமாக வருத்தப்பட வேண்டியிருந்தது. பேரன் தாத்தாவின் மடியில்.

"தாத்தா, நீங்க எந்தப் பக்கம்?"

"சும்மா இரு. ஓவர் முடியட்டும்."

ஓவர் முடிந்தாலும் தாத்தா பதில் சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பந்து போடுகிறவனின் பெயர் தன் அண்ணன் மகன் பெயர் மாதிரி இருக்கிறது. என்னவென்று சொல்வது? நான்கு நாள் கழித்து மார்ச் 17 அன்று லாகூரில் அரவிந்த டி சில்வா சதமடித்து, இலங்கை கோப்பையை வாங்கியது. எதிராளி ஆஸ்திரேலியா என்பதால் அன்றைக்குத் தாத்தா தாராளமாகக் கைதட்டலாம்.

பிறகு வந்த வருடங்களில் முரளியின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1998-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 16 விக்கெட். 2007 டிசம்பர் 3-ம் தேதி, சொந்த ஊரான கண்டியிலேயே, ஷேன் வார்னின் 708 விக்கெட் சாதனையைத் தாண்டினார். ஆனால் இந்தியாவோடு ஆட்டம் வந்தால் மறுபடியும் அதே தர்மசங்கடம். லயத்துக்காரர்களுக்குப் பிடித்த வீரரைச் சத்தமாகப் பிடிக்கும் என்று சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது.

வந்தது மஞ்சள்

2008-ல் அந்த வழி தானாகவே வந்தது. ஐ.பி.எல். தொடங்கியது. முதல் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் முரளியை எடுத்தது. தோனி கேப்டன், ஹேடன் தொடக்கம், சேப்பாக்கத்தில் சிவமணியின் டிரம்ஸ், பந்து கையில் முரளி. 2005-ல் சென்னையைச் சேர்ந்த மதிமலரைக் கல்யாணம் செய்திருந்ததால், சென்னைக்காரர்கள் அவரை 'நம்ம மாப்பிள்ளை' என்று உரிமை கொண்டாடவும் முடிந்தது.

இன்னொரு விஷயமும் கூடி வந்தது. 2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. திட்டத்தை ஆரம்பித்திருந்தது. ரேஷன் கார்டு வைத்திருந்த ஏழை வீடுகளுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் பெட்டிகள் வந்து சேர்ந்தன. 1996-ல் சாம்பல் நிறத்தில் தெரிந்த முரளி, 2008-ல் பளிச்சென்ற மஞ்சளில் தெரிந்தார். அந்த மஞ்சளைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

ஜெர்ஸி எங்கிருந்து வரும்? கம்பெனி ஜெர்ஸியின் விலை, கொழுந்துக் கூலிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் மலைக்குக் கீழே மேட்டுப்பாளையம் தாண்டி, கோவை தாண்டி, திருப்பூர் இருக்கிறது. நாட்டின் பனியன் தலைநகர். லயத்துப் பிள்ளைகளில் பலர் தேயிலை வேலை வேண்டாம் என்று முதலில் போய் இறங்குகிற ஊரும் அதுதான். பெரிய கம்பெனிகளுக்கு ஏற்றுமதி தைக்கிற அதே ஊரில், சின்னச் சின்ன யூனிட்களில் சீசனுக்குத் தகுந்த ஜெர்ஸியும் தயாராகும். சிங்கத்தின் முகம் கொஞ்சம் கோணலாக இருக்கும். மார்பில் 'ஏர்செல்' எழுத்து இரண்டு துவைப்பில் உரியும். யார் கவலைப்பட்டார்கள்? தீபாவளிக்கோ, திருவிழாவுக்கோ ஊருக்கு வருகிற அண்ணன் பையில் மூன்று மஞ்சள் சட்டை இருந்தால் போதும்.

முதுகில் பெயர் அடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தயாராக வருகிறவற்றில் தோனி இருப்பார், ரெய்னா இருப்பார். முரளி வேண்டுமென்றால் வெறும் முதுகு ஜெர்ஸியை வாங்கி, ஸ்டிக்கர் கடையில் கொடுத்துத் தனியாக ஒட்ட வேண்டும். எழுத்துக்கு இவ்வளவு என்று காசு. 'முரளிதரன்' என்றால் செலவு கூட. 'முரளி' போதும்.

அந்த மூன்று ஆண்டுகள் சாதாரணமானவை என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். ஒரு வெளிநாட்டு வீரர் வந்தார், ஆடினார், போனார். ஐ.பி.எல்-லில் அது வாரா வாரம் நடப்பதுதான். லயத்து ரசிகர்களுக்கு அப்படி இல்லை. பந்து போடுகிறவன் கண்டிக்காரன். அணி தமிழ்நாட்டின் தலைநகருடையது. பக்கத்து வீட்டுக்காரன், பள்ளிக்கூட வாத்தியார், தொரை எல்லோரும் அதே அணிக்குத்தான் கைதட்டுகிறார்கள். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. நாம் கற்பனை செய்த தாத்தா, பேரன் கேட்காமலே பதில் சொல்லக்கூடிய மூன்று கோடைகள் அவை.

2010 ஏப்ரல் 25-ம் தேதி இறுதி ஆட்டத்தில் மும்பையை வென்று சென்னை முதல்முறையாகக் கோப்பை வாங்கியது. அந்த அணியில் முரளி இருந்தார். கூடவே மேற்கு மாம்பலத்து ஆஃப் ஸ்பின்னர் ரவிச்சந்திரன் அஸ்வினும் இருந்தார். ஒருவர் முடிக்கிற வயது, மற்றவர் தொடங்குகிற வயது.

கடைசிப் பந்தும் மாறிய நிறங்களும்

அதே ஆண்டு ஜூலையில் முரளி டெஸ்டிலிருந்து விடைபெற்றார். காலியில் நடந்த அந்த டெஸ்டுக்கு முன் அவர் கணக்கில் 792 விக்கெட். 800-க்கு இன்னும் எட்டு. முதல் இன்னிங்ஸில் ஐந்து எடுத்தார். இரண்டாவதில் இரண்டு எடுத்ததும் கணக்கு 799-ல் நின்றது. எதிரணியில் மிச்சம் ஒரே விக்கெட். ஜூலை 22 அன்று பிரக்யான் ஓஜா அடித்த பந்தை மஹேல ஜெயவர்த்தன பிடித்தபோது கணக்கு நேராக 800. அந்த எதிரணி இந்தியா. சினிமாவில் எழுதினால் நம்பமாட்டோம்.

மஞ்சள் அதோடு முடிந்தது. 2011-ல் முரளி கொச்சி அணிக்குப் போனார். 2012 முதல் 2014 வரை பெங்களூருவின் சிவப்பு. பிறகு ஹைதராபாத் அணியில் பயிற்சியாளராக ஆரஞ்சு. ரசிகர்கள் என்ன செய்வது? ஒவ்வொரு வருடமும் ஜெர்ஸி மாற்ற முடியுமா?

தமிழ்நாட்டின் மனநிலையும் மாறியிருந்தது. 2009-ல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் வலி இங்கே பெரிதாகப் பேசப்பட்டது. 2013-ல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஐ.பி.எல். ஆடக் கூடாது என்று மாநில அரசு சொன்னது. அப்போது பெங்களூரு அணியில் இருந்த முரளியும் அதில் அடக்கம். அரசியல் பற்றி அவர் சொன்ன சில கருத்துகளுக்கு இங்கே கடுமையான எதிர்ப்பும் இருந்தது. அவர் வாழ்க்கையைச் சொல்லும் '800' படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக 2020-ல் அறிவிப்பு வந்தபோது அந்த எதிர்ப்பு வெடித்தது. முரளியே கேட்டுக்கொண்டதால் விஜய் சேதுபதி விலகினார். ஸ்ரீபதி இயக்கத்தில் மதுர் மிட்டல் நடித்து, 2023 அக்டோபரில் படம் வெளியானது.

இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. போரில் சொந்தங்களை இழந்தவர்கள், ஒரு தமிழ் நட்சத்திரத்திடம் வேறு வார்த்தைகளை எதிர்பார்த்தார்கள். அதே நேரம், ஈழத் தமிழர் என்றும் மலையகத் தமிழர் என்றும் இரண்டு வரலாறு இருப்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது என்பதும் அந்த விவாதத்தில் வெளிப்பட்டது. நாடற்றவர்களாக்கப்பட்டு, கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களின் கதை பெரும்பாலும் யாருடைய மேடையிலும் வருவதில்லை. முரளியின் பேச்சு பிடிக்காத லயத்துக்காரரும் இருப்பார், பந்து மட்டும் போதும் என்பவரும் இருப்பார். இரண்டு பேருக்கும் தாத்தா வந்த கப்பல் ஒன்றே.

இப்போது அந்த லயங்கள்

டேன்டீயின் பழைய வேகம் இப்போது இல்லை. கழகத்துக்கு நஷ்டம். 2022-ல் 2,000 ஹெக்டேருக்கு மேல் நிலத்தை வனத்துறையிடமே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. ஓய்வுபெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது பெரிய கவலை. ஒரு முறை பெட்டி கட்டி வந்தவர்கள் மறுபடி எங்கே போவது என்று கேட்கிறார்கள். இளைஞர்கள் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட, பல லயங்களில் வயதானவர்களும் பேரப்பிள்ளைகளும்தான் மிச்சம்.

அந்தப் பேரப்பிள்ளைகள் 2008-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு முரளி என்றால் ஹைதராபாத் அணியின் ஓரத்தில் ஆரஞ்சுச் சட்டையில் உட்கார்ந்து சிரிக்கிற ஒரு மாமா. மஞ்சள் என்றால் 7. அதில் தவறு ஒன்றும் இல்லை. அவர்களிடம் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை என்பதே பெரிய விஷயம்.

போகிறவர்களுக்கு

ஊட்டியிலிருந்து கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர். பைக்காரா, நடுவட்டம் வழியாக அரசு பஸ் உண்டு. நடுவட்டத்தைத் தாண்டி வருகிற ஊசிமலைக் காட்சிமுனையில் நின்றால் கூடலூர்ப் பள்ளத்தாக்கு முழுதாகத் தெரியும். கூடலூரிலிருந்து தேவாலா, பந்தலூர், சேரம்பாடிக்கு பஸ் மாறலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து நேராகக் கோத்தகிரிக்கும் மலைப்பாதை இருக்கிறது. சொந்த வண்டியில் நீலகிரிக்கு வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று 2024-ல் விதி வந்தது. கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டம் முழுக்கத் தடை. பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் யானை நடமாட்டம் அதிகம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது.

முக்கியமான ஒன்று. லயங்கள் சுற்றுலா இடம் கிடையாது, ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். அனுமதி இல்லாமல் உள்ளே போய்ப் படம் எடுக்காதீர்கள். சாலையோர டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொல்லி, கிரிக்கெட் பேச்சு எடுத்தால் போதும்.

பெட்டிக்குள் இரண்டு

நம் கற்பனை வீட்டுக்குக் கடைசியாக ஒருமுறை போவோம். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. இப்படி ஒரு பெட்டி இல்லாத லயத்து வீடு குறைவு. அதில் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, மடிப்பில் கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். சாதிச் சான்றிதழுக்கோ, வீட்டு மனைக்கோ, பேரனின் படிப்புக்கோ அதைக் கேட்டால் தாத்தா எடுத்துக் கொடுப்பார். எத்தனை அலுவலகம் ஏறி இறங்கியதோ அது.

அதற்கு அடியில் மஞ்சள் ஜெர்ஸி. சிங்கம் பாதி உரிந்திருக்கும். முதுகில் 'முரளி'யில் ஓர் எழுத்து காணாமல் போயிருக்கும். அளவு இப்போது யாருக்கும் சரியாக இருக்காது.

அதை எந்த அலுவலகமும் கேட்பதில்லை. ஆனாலும் சென்னை ஆடுகிற நாளில் பாட்டி பெட்டியைத் திறந்து வெயிலில் காயப்போட்டு, சாயங்காலம் மடித்து உள்ளே வைப்பார்.

"அதான் யாரும் போடறதில்லையே, ஏன் பாட்டி?" என்று பேரன் கேட்பான்.

"பூச்சி அரிச்சிடும்டா" என்பார் பாட்டி.